போடியாரின் கோட்டும் ஓடக்காரன் பெண்சாதியும்

மிஷன் மண்டபத்தின் முன்வரிசையில், நடுக்கதிரையில் இருந்த பூபாலப் போடியார் எழுந்து நின்றார். மேடையில் நான் அப்போதுதான் வலது கையை நெஞ்சில் வைத்து, குரலை உயர்த்தி, "அந்த ஓடக்காரனை எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லி முடித்திருந்தேன். நாடகத்தில் எனக்குப் பெரிய வீட்டு முதலியார் வேஷம்.

போடியார் விரலை நீட்டினார். விரல் என் முகத்தை நோக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, நான் கை வைத்திருந்த இடத்தை நோக்கியது.

"அது என்ட கோட்டு" என்றார்.

பின்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நாடகத்தில் புதிதாக ஒரு காட்சி சேர்த்திருக்கிறோம் என்று நினைத்தார்களாம்.

மாலை நாலரை மணி இருக்கும். வெளியே மழை விட்டு வெயில் எரித்துக்கொண்டிருந்தது. மண்டபம் முழுவதும் ஈரக் குடைகளின் மணம், வறுத்த கச்சான் கொட்டையின் மணம். அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் வியர்வை முதுகு வழியாக இறங்கியது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. நான் பல பேர் முன்னால் அசடு வழிந்தவன்தான். ஆனால் இன்னொருவரின் உடுப்புக்குள் நின்றுகொண்டு, உடுப்புக்காரரின் முகத்தையே பார்த்து அசடு வழிந்தது அந்த ஒரு முறைதான்.

போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் நிறைய வயல் வைத்திருக்கும் பெரியவர். பூபாலப் போடியாருக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஒரு வட்டையே சொந்தம். இந்த வரம்பில் நின்று பார்த்தால் அந்த வரம்பு தெரியாத அளவு வயல். ஊரில் அவர் இருமினால் நாலு வீட்டில் சுடுதண்ணீர் கொதிக்கும்.

அப்படிப்பட்டவரின் கோட்டு என் உடம்பில் எப்படி ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊருக்கே பாடமான நாடகம்

சென்ற வாரம் பாடசாலை மணியைப் பற்றி எழுதியபோது பிலிப் மாஸ்டரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம் மாஸ்டர் மேடைக்கே வருகிறார்.

"ஓடக்காரன் பெண்சாதி" எங்கள் ஊரின் பழைய நாடகம். நான் பிறப்பதற்கு முன்பே மிஷன் பாடசாலையில் தலைமையாசிரியராக இருந்த ஒருவர் எழுதியது. எழுதியவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய பெயரும் மெல்ல மறந்துபோனது. நாடகம் மட்டும் மிஞ்சியது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊர் இளந்தாரிகள் கூடி அதை ஆடுவார்கள். எழுத்துக் கொப்பி பிலிப் மாஸ்டரின் அலுமாரிக்குள், மெழுகுச் சீலையில் சுற்றி இருக்கும். பழக்குகிறவரும் அவர்தான். அந்தக் கொப்பியில் ஒரு காற்புள்ளியை மாற்றவும் அவர் சம்மதிக்க மாட்டார்.

கதை சின்னது. பெரிய வீட்டில் கல்யாணம். கூறைச் சேலை வாவிக்கு அக்கரையில் நின்றுவிட்டது. வாடைக்காற்று பேய்போல அடிக்கிறது. "சேலை வந்தாக வேண்டும்" என்று முதலியார் கணக்கப்பிள்ளையிடம் சொல்கிறார். கணக்கப்பிள்ளை சமையற்காரனிடம் சொல்கிறார். சமையற்காரன் ஓடக்காரனிடம் சொல்கிறான். ஓடக்காரனுக்குக் கீழே சொல்ல ஆளில்லை. அவன் போகிறான். திரும்பி வரவில்லை.

முகூர்த்த நேரத்தில் அவனுடைய பெண்சாதி நனைந்த சேலையோடு பந்தலுக்குள் வந்து, ஒவ்வொருவராகப் பார்த்து, ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "என் புருஷனைப் போகச் சொன்னது யார்?"

முதலியார் முதலில் அவனைத் தெரியாது என்கிறார். "அப்படியானால் ஐயா ஒன்றுமே கேட்கவில்லையா?" என்று அவள் கேட்கிறாள். அப்போது முதலியார் சொல்லும் பதில்தான் நாடகத்தின் உயிர். "நான் கணக்கப்பிள்ளையிடம்தான் சொன்னேன்."

கணக்கப்பிள்ளை சமையற்காரனைக் காட்டுகிறார். சமையற்காரன், "நான் சும்மா சொன்னேன், அவன்தான் போனான்" என்கிறான். போனவன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் நிம்மதியாகப் பந்திக்குப் போகிறார்கள்.

ஊருக்கு எல்லா வசனமும் பாடம். முதலியாரின் அந்த வசனம் வரும்போது மண்டபமே சேர்ந்து சொல்லும். வீடுகளிலும் அது பேச்சாகிவிட்டது. சோறு அடிப்பிடித்தால், ஆடு வேலியைத் தாண்டிப் போனால், "நான் கணக்கப்பிள்ளையிடம்தான் சொன்னேன்" என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நாடகம் பார்த்து அழாதவர் ஊரில் இல்லை. பூபாலப் போடியார்கூட ஒவ்வொரு முறையும் சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார். முதலியாரை வாய் நிறையத் திட்டுவார். அப்படித் திட்டிய எவருக்கும், தானும் ஒரு முதலியார்தான் என்று தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த வேஷத்தைக் கட்டியவன் நான்!

ஓடக்காரன் பெண்சாதியாக நடித்தவன் அரசரெத்தினம். தபால் கந்தோரில் வேலை. அந்தக் காலத்தில் பெண்கள் எங்கள் மேடையில் ஏறுவதில்லை. ஆகவே அவன் தன் மீசையைத் தியாகம் செய்தான். மீசை போன நாளில் முத்திரை வாங்க வந்தவர்கள் புது ஆள் என்று நினைத்தார்களாம். குரல் அருமையான குரல். ஆனால் ஒரு குறை. வசனத்தை ஒரே மூச்சில் பாடமாக்குவான். நடுவில் யார் என்ன சொன்னாலும் அவனுடைய அடுத்த வசனம் தானாக வந்துவிடும். இந்தக் குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை கட்டுகிறவர்

எங்கள் ஊருக்கு வெளுத்துக் கொடுத்தவர் சாமித்தம்பிக் கட்டாடியார். கல்யாண வீடோ, செத்த வீடோ, கோயில் சடங்கோ, பந்தலுக்கு மேலே வெள்ளைத் துணி கட்ட அவர் வரவேண்டும். நாடக மேடைக்கும் அப்படித்தான். மேற்கட்டி, பக்கத் தடுப்பு, முன்திரை எல்லாம் அவர் கொண்டுவந்து கட்டுவார். நாடகம் முடியும்வரை திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்.

வேஷ உடுப்பும் அவர் மூலம்தான் வரும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. வெளுக்கப் போட்ட உடுப்புகள்தாம் மேடைக்கு வந்தன. ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எங்கள் ஊர் உடுப்பு எங்கள் ஊர் மேடையில் ஏறாது. கட்டாடியாரின் மைத்துனர் பக்கத்து ஊரான கிரானில் இதே வேலை செய்தார். இங்கே நாடகம் என்றால் கிரானிலிருந்து மூட்டை வரும். கிரானில் கூத்து என்றால் இங்கிருந்து மூட்டை போகும். உடுப்புக்குச் சொந்தக்காரர் சபையில் இருக்க மாட்டார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆடி முடிந்த உடுப்பு மறுபடியும் வெள்ளாவி கண்டு, மடிப்புக் குலையாமல் வீட்டுக்குப் போய்விடும்.

ஒருமுறை கிரானுக்குக் கூத்துப் பார்க்கப் போயிருந்தேன். ராசா வேஷக்காரர் சுழன்று சுழன்று ஆடினார். அவருடைய தோளிலிருந்து பின்னால் பறந்தது என் அக்காவின் கல்யாணச் சேலை. தலைப்பில் குத்துவிளக்கு பட்டுத் தீய்ந்த ஓட்டையைக் கண்டுபிடித்தேன். ராசா நன்றாகத்தான் ஆடினார். நானும் கைதட்டிவிட்டு வந்து வீட்டில் மூச்சு விடவில்லை. அக்கா இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறாள். இனி அவளுக்கும் தெரியும்.

கட்டாடியாரின் மனைவி தெய்வானை அக்கா. "அக்கா" என்பது இப்போது எழுதும்போது சேர்ப்பது. என்னைவிடப் பத்து வயது மூத்த அந்த மனுசியை அன்றைக்கு நான் வெறும் "தெய்வானை" என்றுதான் கூப்பிட்டேன். என் தம்பியும் அப்படித்தான் கூப்பிட்டான். ஊர் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை.

மூன்று தரம் மாட்டேன் என்றார்

அந்தத் தை மாதம் மழை விடவே இல்லை. கிரான் பக்கம் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நாடகம், சனிக்கிழமை காலையாகியும் மூட்டை வரவில்லை. மற்றவர்கள் வீட்டிலிருந்த சேலை, வேட்டியை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் சிக்கல். முதலியாருக்குக் கோட்டு வேண்டும்.

கட்டாடியார் வீட்டுக்குப் போனேன். அவர் சிரட்டைக்கரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தார். கூரை வளையில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்கியது. தொங்கும்போதே அதற்கு ஒரு தோரணை இருந்தது.

"இது ஆருட கோட்டு, கட்டாடியார்?"

"போடியார்ட. பெட்டகத்துக்குள்ள கிடந்து பூஞ்சணம் புடிச்சிட்டு. வெயில் காட்டி மினுக்கித் தரச் சொன்னவர்."

"நாளைக்கு ஒரு நாளைக்குத் தாங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "ஐயோ வாத்தியார், அது சரிவராது. நம்மட ஊர் உடுப்ப நம்மட மேடையில ஏத்துறல்ல. என்ட அப்பன் காலத்திலயும் ஏத்தல்ல."

"போடியார் ஊரில இல்லையே. வட்டைக்க வெள்ளம் எண்டு அணை பார்க்கப் போனவர். இப்ப வரமாட்டார்."

"வராட்டியும் வேணாம், வாத்தியார்."

"கோட்டில்லாம முதலியார் எப்பிடி? பனியனோடயா நான் மேடையில நிக்கிற?"

"அதுக்கு நான் என்ன செய்ய? வேணாம். விடுங்க."

மூன்று தரம் மாட்டேன் என்றார். நாலாம் தரம் மாட்டேன் என்று ஒரு வாத்தியாரிடம் சொல்ல அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நாலாம் தரம் கேட்டேன். "ஒண்டும் நடக்காது கட்டாடியார். நடந்தா நான் பொறுப்பு."

முற்றத்தில் நெல் புழுங்கவைத்துக்கொண்டிருந்த தெய்வானை அக்கா நிமிர்ந்து பார்த்தார். "பொறுப்பெண்டா என்னெண்டு வாத்தியார்? போடியார் வந்து கேட்டா நீங்க முன்னுக்கு நிண்டு சொல்லுவீங்களா?"

"ஓம். சொல்லுவன்."

கட்டாடியார் கோட்டை எடுத்து, இல்லாத தூசியை இரண்டு தரம் தட்டி, என் கையில் தந்தார்.

மூன்றாவது பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளம் வடிந்தது. மத்தியானம் போடியார் தோணியில் வந்து இறங்கினார். பின்னேரம் நாடகம் என்று கேள்விப்பட்டதும் ஒரே புளுகம், சந்தோஷம். போட்டுக்கொண்டு போகக் கோட்டை எடுத்து வரச் சொல்லித் தன் முல்லைக்காரனைக் கட்டாடியார் வீட்டுக்கு அனுப்பினார். முல்லைக்காரன் என்றால் போடியாரின் வயல்வேலையைப் பொறுப்பாகப் பார்க்கிறவர். கட்டாடியார் மேடை கட்ட வந்துவிட்டார். வீட்டில் தெய்வானை அக்கா மட்டும்தான். "கோட்டு இன்னும் காயல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆகவே போடியார் பழைய சால்வையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி.

நான் நெஞ்சில் கை வைத்தபோது, கைக்குக் கீழே கோட்டின் மூன்றாவது பொத்தான். மற்றவை எல்லாம் கறுப்பு, அது மட்டும் மண்ணிறம். அறுந்துபோன பொத்தானுக்குப் பதிலாகப் போடியாரின் மனைவி தன் கையால் தைத்தது. கணவரின் காதுக்குள் அவர் ஏதோ சொன்னதை மேடையிலிருந்தே கண்டேன். அடுத்த நிமிடம்தான் போடியார் எழுந்தார்.

"அது என்ட கோட்டு" என்றவர், இரண்டடி முன்னால் வந்தார். "ஆரு உனக்குத் தந்த?"

கேள்வி சின்னதுதான். பதிலும் சின்னதுதான். "நான்தான் கேட்டு வாங்கினேன்." அவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

"கட்டாடியார் தந்தவர்" என்றேன்.

உடனே அரசரெத்தினத்தின் அடுத்த வசனம் தானாகப் புறப்பட்டது. ஈரச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணீர்க் குரலில், என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்படியானால் ஐயா ஒன்றுமே கேட்கவில்லையா?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கூரைத் தகரம் அதிர்ந்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர். போடியார், நான், திரைக் கயிற்றோடு நின்ற கட்டாடியார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றைத் தளர்த்தித் திரையை இறக்கிவிட்டார்.

"கழட்டுடா கோட்ட!" என்ற சத்தம் திரைக்கு அப்பாலும் கேட்டது. கழற்றினேன். உள்ளே பனியன். அதிலும் ஓர் ஓட்டை. நாடகம் பாதியில் நின்றது.

எனக்கு வந்த காய்ச்சல்

திங்கட்கிழமை காலையில் முல்லைக்காரன் கட்டாடியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்: "போடியார் வீட்டு உடுப்பு எல்லாத்தையும் தரட்டாம். இனிமே அந்தப் பக்கம் வரவேணாமாம்." அவர் மனவருத்தத்தோடுதான் சொன்னாராம். மத்தியானத்துக்குள் போடியாரின் அண்ணன் தம்பி, சம்பந்தி வீடுகளும் மூட்டையைத் திருப்பி வாங்கிவிட்டன. மொத்தம் பதினொரு வீடு.

அறுவடைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. சூடு மிதிக்கும் களத்தில் ஒவ்வொரு வீடும் அளந்து கொடுக்கும் நெல்தான் கட்டாடியார் வீட்டில் வருடம் முழுவதும் சோறு. பதினொரு வீடு போனால் அரைவருடச் சோறு போய்விடும். இது ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தது. உடம்பு சுடவில்லை. ஆனாலும் போர்த்துக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் வெட்கம் தாங்கமுடியாமல் எழுந்து கட்டாடியார் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க வாத்தியார். காய்ச்சலாமெண்டாங்க. சுகமா?" என்றார் தெய்வானை அக்கா. இதைவிட ஏசியிருக்கலாம்.

"நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்த."

"எங்களுக்கிட்ட என்னத்துக்கு? நாங்க உங்கள என்ன செய்ய ஏலும்? செய்யக்கூடிய ஆளுக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"விடு புள்ள, வாத்தியார் பயந்திட்டார்" என்றார் கட்டாடியார்.

"நாமளும்தான் பயந்த. முல்லைக்காரன் வந்து நிக்கக்குள்ள வாத்தியார்ட பேர நான் சொன்னனா?"

சொல்லவில்லை. ஒரு சொல்லில் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தப்பியிருக்கலாம். அவர் செய்யவில்லை. ஏழைக்காக எழுதிய நாடகத்துக்கு மூன்று மாதம் வசனம் பழகிய நான் செய்தேன்.

தேத்தண்ணியோடு வந்த மன்னிப்பு

அங்கிருந்து நேரே போடியார் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் அடிப்பார், குறைந்தது கத்துவார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீயா தம்பி கேட்ட? சரி போகட்டும். இளந்தாரிப் பொடியன், நாடகப் பைத்தியம். இரி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

தேத்தண்ணியோடு கதலிப் பழமும் வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு பழத்தை உரித்து வாயில் வைத்துக்கொண்டே கேட்டேன்: "அப்ப கட்டாடியார் வேலைக்கு வரலாம்தானே போடியார்?"

"அது ஏலாது."

"நான்தானே கேட்ட? அவர் மூணு தரம் மாட்டன் எண்டவர்."

"நீ கேட்டா அவன் குடுக்கிறதா? படிச்ச உனக்கு விளங்கல்ல, சரி. அவனுக்கு விளங்கணும்தானே!"

மிச்சப் பழத்தைத் தட்டில் வைத்தேன். பிழை செய்தவன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். மாட்டேன் என்று மூன்று தரம் சொன்னவருக்குத் தண்டனை. பிலிப் மாஸ்டரின் கொப்பியில்கூட இப்படி ஒரு காட்சி இல்லை. போடியார் கெட்டவர் அல்ல. என்மேல் உண்மையான பிரியத்தோடுதான் இன்னொரு பழத்தை நீட்டினார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வேலையில்லாமல் நின்ற அரசரெத்தினம்

பாதியில் நின்ற நாடகத்தை ஊர் விடவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆட வேண்டும் என்று ஒரே பிடி. பிலிப் மாஸ்டர் ஆலயத்துக்குப் போட்டுப்போகும் தன் கோட்டை எனக்குத் தந்தார். கை முழங்கையோடு நின்றது.

கட்டாடியார் வழக்கம்போல வந்து வெள்ளை கட்டினார். "நீங்க வருவீங்க எண்டு நினைக்கல்ல" என்றேன். "மேடை ஊர்ர மேடை, வாத்தியார்" என்று மட்டும் சொன்னார்.

போடியாரும் வந்தார். இந்த முறை கோட்டைத் தானே போட்டுக்கொண்டு, எல்லாப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வந்தார். அந்த வெக்கையில் முகம் சிவந்துபோய் இருந்தார். தன் கோட்டு தன்னிடம் இருக்கிறது என்பதை ஊருக்குக் காட்ட வேண்டாமா?

நாடகம் நன்றாகப் போனது. ஓடக்காரன் பெண்சாதி பந்தலுக்குள் வந்தாள். நான் அவனைத் தெரியாது என்றேன். "அப்படியானால் ஐயா ஒன்றுமே கேட்கவில்லையா?" என்று அரசரெத்தினம் கேட்டான். மண்டபம் மூச்சை இழுத்துக்கொண்டது, என்னோடு சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்வதற்கு.

"கேட்டேன்" என்றேன் நான். "சேலை வேண்டும் என்று சொன்னது நான். உன் புருஷனைப் போகவைத்தது நான்தான்."

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. அரசரெத்தினத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்த வசனம் வரவில்லை. கணக்கப்பிள்ளையும் சமையற்காரனும் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். அவர்களுக்கு இனி வேலையே இல்லை. இன்னும் அரைமணி நேர நாடகம் அந்த ஒரு பொய்யின்மேல்தான் நின்றது. பக்கத் தடுப்புக்குள்ளிருந்து பிலிப் மாஸ்டர் தலையை நீட்டி, "டேய், கொப்பியில அப்பிடி இல்லடா!" என்று கெஞ்சினார்.

நான் மேடையின் விளிம்புக்கு வந்தேன். "போன கிழமை போட்ட கோட்டையும் கேட்டு வாங்கினது நான்தான். கட்டாடியார் மூணு தரம் மாட்டன் எண்டு சொன்னவர். அவர்ட தலையில பழியப் போட்டது என்ட பிழை."

மண்டபம் கைதட்டியது. விசிலும் அடித்தார்கள். போடியார்கூடக் கைதட்டினார்! அந்த நிமிடம் எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். பிறகுதான் உறைத்தது. ஒரு கிழமை பிந்தி ஒரு வரி சொன்ன எனக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. கட்டாடியாருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது பெண்கள் பக்கம் பாயில் இருந்த தெய்வானை அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அந்த மண்டபத்தில் அவர் வாய் திறந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"வாத்தியார் தன்ட பிழையச் சொல்லிட்டார்" என்றார். "போடியார், எங்கள இனிமே வரவேணாம் எண்டு சொன்னது ஆரு?"

போடியார் கதிரையில் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். பின்வரிசையில் நின்ற முல்லைக்காரனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது... நான் முல்லைக்காரனிட்டத்தான்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க ஊர் விடவில்லை. ஒரு கிழமையாக அந்த வசனத்துக்காகக் காத்திருந்த மண்டபம், சின்னவர் பெரியவர் எல்லாருமாக ஒரே குரலில் கத்தியது: "நான் கணக்கப்பிள்ளையிடம்தான் சொன்னேன்!"

போடியாரின் முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல ஒரு திகைப்பு. வருடக்கணக்காகக் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த நாடகத்துக்குள் அவர் இப்போதுதான் நுழைந்தார். மெல்ல எழுந்து நின்றார்.

"நான்தான் புள்ள சொன்ன" என்றார். "வேணாமெண்டு சொன்னது நான்தான். சரி, நாளைக்கு வரட்டும்."

"எங்க வரட்டும்? வேணாமெண்டு வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்ன நீங்க. வரச் சொல்லுறதயும் வீட்டுக்கு வந்து சொல்லுங்க" என்றார் தெய்வானை அக்கா. சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

கட்டாடியார் திரையை இறக்கினார். "நாடகத்தச் சாகடிச்சுப்போட்டீங்களேடா" என்று பிலிப் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் அந்த வசனத்தைப் பழைய மாதிரி யாருக்கும் பழக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை

திங்கட்கிழமை கட்டாடியார் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. போடியார் வீட்டில் அழுக்கு உடுப்பு மலையாகக் கிடக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. மற்றப் பத்து வீடும் போடியாரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலையில் நான் கட்டாடியார் வீட்டு முற்றத்தில் நின்றேன். மேடைக்குக் கட்டிய வெள்ளைகளைக் காயவைத்து, ஒரு முனையை அவரும் மறுமுனையை நானுமாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். மடிக்கத் தெரியாமல் நான் மாறி மாறிக் கோணலாக்கினேன். அவர் பொறுமையாகத் திருத்தினார்.

வேலிக் கடப்படியில், வாசலில், நிழல் விழுந்தது. பூபாலப் போடியார். முல்லைக்காரன் இல்லை, கோட்டும் இல்லை. வெறும் வேட்டி, சால்வை. அந்த வீட்டுக் கடப்படிக்கு அவர் அதற்குமுன் வந்ததே இல்லை. எங்கே கால் வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

"உள்ளுக்கு வாங்க போடியார்" என்றார் தெய்வானை அக்கா.

"இல்ல, இரிக்கட்டும்." போடியார் கட்டாடியாரைப் பார்த்தார். "வீட்டுக்கு வாங்க, கட்டாடியார். நான் அண்டைக்குச் சொன்னது பிழ." கட்டாடியாரைப் போடியார் "வாங்க" என்று கூப்பிட்டதையும் நான் அன்றுதான் கேட்டேன்.

கட்டாடியார் கையிலிருந்த வெள்ளையை அவசரப்படாமல் மடித்து முடித்தார். மற்றவற்றின்மேல் வைத்தார். உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார்.

"ஓம் போடியார், வாறன். இன்னும் ஒள்ளுப்பம் வேல கிடக்கு. நீங்க போங்க, நான் மறுகா வாறன்."

கூடவே வருவார் என்று போடியார் கொஞ்ச நேரம் பார்த்து நின்றார். கட்டாடியார் அடுத்த வெள்ளையின் முனையை என்னிடம் நீட்டினார்.

போடியார் போனார். எங்கள் ஊரில் இன்னொருவர் போகச் சொல்லிப் பூபாலப் போடியார் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.